ஏப்பம் வந்துவிட்டது

மகனே,

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, செங்கல்பட்டு வீட்டின் சாப்பாட்டு மேசையில், இனி இந்த வீட்டுக்குள் 'கேஸ்' என்ற சொல் சமையல் சிலிண்டரை மட்டுமே குறிக்கும் என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. நான் முன்மொழிந்தேன். உன் அம்மா வழிமொழிந்தாள். உன் அத்தை, அதாவது என் தங்கை, எதிர்த்து வாக்களித்துவிட்டு வெளிநடப்புச் செய்தாள்; காபி ஆற்றும் சத்தம் கேட்டதும் அவைக்குத் திரும்பினாள். இரண்டுக்கு ஒன்று. இந்த வீட்டில் இதற்கு முன் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்தது, தொலைக்காட்சிப் பெட்டியை மேற்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு மாற்றியதை மட்டும்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அன்றைய நாளின் கனம் உனக்குப் புரியும். தடை செய்யப்பட்ட பொருளில், அதாவது வயிற்று வாயு என்கிற பொருளில், அந்தச் சொல்லை இன்று குடும்பத்தில் அதிகம் பயன்படுத்துகிறவன் நீ. ஆகவே தீர்மானமும் அதற்கான காரணங்களும் உனக்கு எழுத்தில் வர வேண்டியிருக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னேன். "சரிப்பா, பாக்கறேம்பா" என்றாய். உனக்கு முப்பத்தாறு வயது. நீ பேசத் தொடங்கிய நாளிலிருந்து உன் 'சரிப்பா'வைக் கேட்டு வருகிறேன். அது சம்மதம் அல்ல, கதவைச் சாத்தும் முறை. சிறுசேரி சாஃப்ட்வேர் அலுவலகத்தில் ஒரு காதில் மீட்டிங்கும் மறு காதில் அப்பாவுமாக இருக்கிறவனிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? கடிதத்தில் அந்த வசதி இல்லை. நடுவில் 'சரிப்பா' போட முடியாது. படிக்க வேண்டும், அல்லது படிக்காமல் வைக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் நடந்ததை நினைவூட்டுகிறேன். நீ அதை ஒரு நல்ல விடுமுறை நாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கடற்கரைக்குப் போகும் வழியில் மீன் வறுத்து விற்கும் ஒரு தள்ளுவண்டியில் நின்றோம். அந்தச் சட்டி எண்ணெய் எப்போது முதன்முதலாக ஊற்றப்பட்டது என்பதைக் கல்வெட்டு படிக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். சாலை போடும் தாரின் நிறத்தில் இருந்தது. அதில் மூழ்கி எழுந்த வஞ்சிரம் இரண்டு தட்டு சாப்பிட்டாய். விரலில் வழிந்ததைப் பழைய செய்தித்தாளில் துடைத்தாய். அச்சு மை விரலில் ஒட்டிக்கொண்டது. அந்த விரலையும் நக்கினாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உன் அம்மா உன் மனைவியோடும் குழந்தையோடும் காரிலேயே இருந்துவிட்டாள். நீ, நான், அத்தை மூன்று பேரும் கலங்கரை விளக்கம் இருக்கும் பாறைமேட்டில் ஏறத் தொடங்கினோம். அறுபத்தேழு வயதுக்காரன் முன்னால் போனேன். முழங்கால் வலிக்காரி என் பின்னால் வந்தாள். இருபது படி ஏறித் திரும்பிப் பார்த்தால் நீ கீழேயே நின்றிருந்தாய், உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு. நெற்றியில் வியர்வை. கடல்காற்று எல்லோருடைய சட்டையையும் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் யாருக்கும் வியர்க்காது.

"இன்னாடா, நின்னுட்ட?" என்றேன்.

"ஒண்ணும் இல்லப்பா. கேஸு."

"அந்த மீனு ஆவல அவனுக்கு" என்றாள் உன் அத்தை, மேலே நின்றபடியே தீர்ப்பு வழங்கி. "சோடா குடிடா கண்ணு. ஏப்பம் வந்தா வுட்டுப்பூடும்."

சோடாக்காரன் எங்கிருந்தோ முளைத்தான். "பன்னீரா, லெமனா அண்ணாத்த?"

"எது ஜாஸ்தி பொங்கும்?" என்று கேட்டாய் நீ. என்ன ஓர் அறிவியல் நோக்கு!

பாறையில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தாய். கொஞ்ச நேரத்தில் ஓர் ஏப்பம் விட்டாய். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த புதுமணத் தம்பதி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அது இருந்தது. உன் அத்தை கைதட்டினாள். "வந்துட்ச்சு பாரு! நான் சொல்லல?" நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். வலி போய்விட்டது என்றாய். மகனே, அந்த ஏப்பத்தையும் அந்தக் கைதட்டலையும் நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

மறுநாள் உன் மனைவிக்குப் போன் செய்து விசாரித்தேன். "ரெண்டு வாரமா இப்படித்தான் மாமா. படி ஏறினா நெஞ்சு மேல யாரோ உக்காந்துகினு இருக்கிற மாதிரி இருக்குதாம். ஆபீஸ் பேக் முழுக்க அந்தத் தண்ணில போட்டா பொங்குற பாக்கெட்டுதான். டாக்டர்கிட்ட போலாம்னா, 'ஆபீஸ்ல ரிலீஸ் முடியட்டும், இது வெறும் கேஸு'ன்றாரு" என்றாள். காட்டிக்கொடுத்தாள் என்று அவளிடம் கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டில் கண் தெரிகிற ஆள் அவள் ஒருத்திதான்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன். ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் இதயம் வரைந்தேன். சிவப்புச் சாக்பீஸ் சுத்த ரத்தத்துக்கு, நீலச் சாக்பீஸ் அசுத்த ரத்தத்துக்கு. நீயும் என் வகுப்பில் இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்து அதை வரைந்திருக்கிறாய். நீலத்தைக் கொஞ்சம் அதிகமாகவே தீட்டுவாய். அந்தப் படத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எந்த மனிதனுக்குள்ளும் நீல ரத்தம் இல்லை. உடம்புக்கு ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற ரத்தம் கருஞ்சிவப்பு, அவ்வளவுதான். அதை அசுத்தம் என்று சொன்னதும் அநியாயம். ஊர் முழுக்கச் சோறு போட்டுவிட்டு, ஊர்க் கழிவை வாரிக்கொண்டு திரும்புகிற ஒன்றுக்கு அந்தப் பெயர். குப்பை அள்ளுகிறவரையே குப்பை போலப் பார்க்கிற ஊரில் எழுதப்பட்ட பாடம் வேறு எப்படி இருக்கும்? நான் அதை ஒரு நாளும் கேள்வி கேட்காமல் முப்பத்தொரு முறை ஒப்பித்தேன்.

படத்தை மறந்துவிட்டு உள்ளதைச் சொல்கிறேன். இதயம் நீ கையை மூடினால் எவ்வளவோ அவ்வளவு. ஒரே சுவருக்கு இரு பக்கமும் இரண்டு பம்புகள். வலது பக்கம், உடம்பிலிருந்து திரும்பிய ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்குத் தள்ளுகிறது. இடது பக்கம், நுரையீரலில் காற்று வாங்கி வந்ததை எடுத்து உச்சந்தலையிலிருந்து கால் கட்டைவிரல் வரை அனுப்புகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் அடிக்கின்றன. போன ரத்தம் திரும்பி வந்துவிடாமல் இருக்க நான்கு வால்வுகள். கவிஞர்கள் உருகி உருகிக் கேட்கும் அந்த 'லப்டப்' என்பது காதலும் அல்ல, கருணையும் அல்ல. அந்த வால்வுகள் சாத்திக்கொள்ளும் சத்தம். உன்னிடம் இருப்பது ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தம். நீ சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் துடிப்பு. சனி, ஞாயிறு லீவு கிடையாது. ரிலீஸ் தேதியும் கிடையாது.

இதயத்திலிருந்து வெளியே போகும் குழாய்கள் தமனிகள். ஒவ்வோர் அடிக்கும் விரிந்து, அடுத்த அடிக்குள் பழைய அளவுக்குச் சுருங்கும் தடித்த சுவர் அவற்றுக்கு. அவை பிரிந்து பிரிந்து, கடைசியில் சிவப்பணுக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில்தான் போக முடியும் என்கிற அளவுக்கு மெலிந்த நுண்குழாய்கள் ஆகின்றன. கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கேதான். இந்த ஊரில் முட்டித் தள்ளாமல் வரிசையில் போகும் ஒரே இடம் நம் நுண்குழாய்கள்தான் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு மணி அடித்ததும் முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். திரும்பி வரும் குழாய்கள் சிரைகள். மெல்லிய சுவர், அழுத்தம் குறைவு. காலிலிருந்து மேலே ஏறுகிற ரத்தத்துக்குக் கெண்டைக்கால் தசைதான் தள்ளுவண்டி. நடந்தால் தள்ளும். நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அதுவும் உட்கார்ந்திருக்கும்.

இனி வருவதைத்தான் நீ கவனித்துப் படிக்க வேண்டும். இதயத்துக்குள் எந்நேரமும் ரத்தம் நிறைந்திருக்கிறது. ஆனால் அந்தத் தடித்த தசை தன் அறைக்குள் நிற்கும் ரத்தத்தை அப்படியே குடித்துவிட முடியாது. கடலோரத்தில் வீடு கட்டிக்கொண்டவன் தாகத்துக்குக் கடலில் வாய் வைக்க முடியுமா? கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி ஆலையிலிருந்து குழாயில்தான் வர வேண்டும். அப்படி இதயத்துக்கென்றே தனிக் குழாய்கள் இருக்கின்றன. மகாதமனி இதயத்தை விட்டுக் கிளம்பியதுமே முதலில் பிரிகிற கிளைகள் அவைதாம். மூளைக்குக்கூட அதன் பிறகுதான். அதாவது இதயம் முதல் பந்தியில் உட்கார்ந்துகொள்கிறது. தான் சாப்பிடாமல் ஊருக்குப் பரிமாற முடியாது என்கிற சாதாரண அறிவு அதற்கு இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் கற்றுக்கொடுத்தது இதற்கு நேர்மாறு. அதற்கும் நாம் 'இதயம் உள்ளவள்' என்றுதான் பெயர் வைத்தோம்.

அந்தக் குழாய்கள் பெரியவை அல்ல. பழச்சாறு உறிஞ்சும் குழலின் பருமன்தான். அவற்றின் உட்சுவருக்கு அடியில், இருபது வயதிலிருந்தே, கொழுப்பு சேரத் தொடங்குகிறது. சாக்கடைக் குழாயில் கசடு அப்பிக்கொள்வது போல என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட அருவருப்பானது. சுவரின் மேல் அல்ல, சுவருக்கு உள்ளே, பரு போல. மஞ்சளாக, கொழகொழவென்று, மேலே மெல்லிய தோல் மூடி. மருத்துவர்கள் அதற்கு வைத்த பெயரில் கூழ் என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல் இருக்கிறது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுகிற கூழை நினைத்துக்கொள்ளாதே. அதற்கு ஒரு மரியாதை உண்டு. இது நீ பதினைந்து ஆண்டுகளாக ஆபீஸ் கேண்டீனில் மாலை நான்கு மணிக்கும், சாலையோரப் பரோட்டாக் கடையில் அதற்குப் பிறகும், சால்னா சால்னாவாகவும் சிகரெட் சிகரெட்டாகவும் ஊற்றிச் சேர்த்தது. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று நீ சொல்வதை நம்புகிற ஒரே ஆள் உன் மகள். அவளுக்கு நான்கு வயது.

அந்தப் பரு குழாயைப் பாதி, முக்கால் அடைத்திருக்கும்போது, நீ உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. கிடைக்கிற ரத்தம் போதும். படி ஏறினால் தசைக்கு அதிகம் வேண்டும். வராது. தசை கத்துகிறது. அந்தக் கத்தல்தான் உன் நெஞ்சின் மேல் உட்கார்ந்துகினு இருக்கிற ஆள். நீ நின்றால் தேவை குறைகிறது, கத்தல் அடங்குகிறது. இப்போது மாமல்லபுரத்துப் பாறைக்குத் திரும்பிப் போ. வலியைப் போக்கியது சோடா அல்ல. சோடா குடிப்பதற்காக நீ உட்கார்ந்தாயே, அது. பன்னீர் சோடாவுக்குப் பதிலாக உட்கார்ந்து எதை வாயில் வைத்திருந்தாலும் அதே வேகத்தில் போயிருக்கும். அந்தப் பொங்கும் பாக்கெட்டுகளின் புகழெல்லாம் இப்படிச் சம்பாதித்ததுதான்.

ஏப்பம் வந்ததே என்பாய். வரும். இதயத்தின் கீழ்ச்சுவர் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உதரவிதானத்துக்கு நேர் கீழே இரைப்பை. மேல்வீட்டில் தீப்பிடித்தால் கீழ்வீட்டுக்காரனும் அலறத்தானே செய்வான்? குமட்டல் வரும், வாந்தி வரும், ஏப்பமும் வரும். மேலும், இதயத்திலிருந்து போகிற நரம்புகளும் தாடை, தோள், முதுகு, இடது கை ஆகியவற்றிலிருந்து போகிற நரம்புகளும் ஒரே வாசலில் நுழைகின்றன. மூளைக்கு விலாசம் குழம்புகிறது. நோய் ஓரிடம், வலி வேறிடம். இவ்வளவையும் நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். இனி, பாடம் நடத்தியவன் என்ன செய்தான் என்பதைச் சொல்கிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்தில், உன் அத்தையின் பேரனுக்குக் காதுகுத்து. உனக்கு இருபத்தெட்டு வயது. காலை பதினொன்றரைக்கு உன் அம்மா பந்தலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். முதுகு வலிக்கிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் தாடை இழுக்கிறது என்றாள். ரவிக்கை நனைந்திருந்தது. உடனே ஏழெட்டுப் பேர் அடங்கிய மருத்துவக் குழு கூடியது. அவர்களில் ஒருவர் டிராக்டர் வைத்திருந்தார், ஒருவர் மணல் லாரி, ஒருவர் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தர். "காலைல இன்னா துன்னா?" என்று கேட்டார் ஒருவர். "ஒண்ணும் துன்னல, வந்ததுலேந்து வேலதான் செஞ்சுகினு இருந்தாங்க அண்ணி" என்றாள் உன் அத்தை. "அப்ப கேஸுதான். வெறும் வயித்துல வாயு ஏறிக்கிச்சு." எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அறிவியல் ஆசிரியர். அந்தக் கூட்டத்தில் என் சொல்தான் கடைசிச் சொல்.

உன் அம்மாவும் என்னைத்தான் பார்த்தாள். "ஏங்க, இது கேஸ் மாதிரி இல்லீங்க" என்றாள்.

"கேஸ்தான். உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றேன்.

ஓமத் தண்ணீர் வந்தது. இஞ்சிச்சாறு வந்தது. உன்னை வண்டியில் சோடா வாங்க அனுப்பினோம். பக்கத்துக் கடையில் இல்லை என்று நீ திருக்கழுக்குன்றம் வரை போய் மூன்று பாட்டில் கொண்டுவந்தாய். அவளைக் குப்புறப் படுக்கவைத்து இரண்டு பெண்கள் முதுகைத் தேய்த்தார்கள், ஓங்கி ஓங்கித் தட்டினார்கள். மூன்றாவது பாட்டிலில் ஏப்பம் வந்தது. பந்தலே ஆரவாரித்தது. "வந்துட்ச்சு! வந்துட்ச்சு!" என்று உன் அத்தை கைதட்டினாள். குழு கலைந்தது. தாமதமாகிவிட்ட பந்தியைப் போட்டார்கள்.

இதுவரை நீ அறிந்தது. அறியாததை இப்போது எழுதுகிறேன். நீ சோடாவுக்குப் போயிருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வியர்வை, தாடை, முதுகு. மூன்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். ஒரு நிமிடம், மணல் லாரிக்காரரிடம் காரைக் கேட்கலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சமையல்காரர் என் பக்கமாகக் குனிந்து, "வாத்யாரே, உனுக்குன்னு நல்லி எடுத்து வெச்சிகிறேன், சூடு ஆறிடும், வா" என்றார். நான் போனேன். பந்திக்கு முன்பே, சமையல் கொட்டகையின் பின்புறம், தனியாக ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். பிரியாணி சாப்பிட்டேன். நல்லி எலும்பைத் தட்டில் தட்டித் தட்டி உள்ளே இருந்ததை உறிஞ்சினேன். ரத்த அணுக்கள் பிறப்பது எலும்பு மஜ்ஜையில் என்று நான் வைத்த கடைசித் தேர்வில்தான் பத்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருந்தேன். இருபதடி தள்ளி, கீற்றுத் தடுப்புக்கு அந்தப் பக்கம், உன் அம்மாவின் முதுகில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் இரண்டாவது நல்லியும் கேட்டு வாங்கினேன். கை கழுவிக்கொண்டு வந்தபோது நீ சோடாவோடு வந்து இறங்கினாய். "எப்படிப்பா இருக்காங்க?" என்றாய். "கேஸ்தான்டா" என்றேன். என் விரலில் அப்போதும் கொழுப்பின் பிசுக்கு இருந்தது. அதை நினைத்தால் இன்றும் அந்தக் கையைக் கழுவத் தோன்றுகிறது, கழுவியும் பார்த்திருக்கிறேன்.

மாலை ஆறு மணிக்கு அவள் வாந்தி எடுத்து மயங்கிய பிறகுதான் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்தோம். மருத்துவமனையில் இருந்த டாக்டர் சின்னப் பெண். உன் வயதுகூட இருக்காது. ஈசிஜி தாளைப் பார்த்துக்கொண்டே, "வலி எப்ப ஆரம்பிச்சது?" என்றாள்.

"பதினொன்றரை."

"இப்ப ஆறே முக்கால் சார். இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க?"

"சோடா குடுத்தோம்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் குனிந்து எழுதத் தொடங்கினாள். என் வாழ்நாளில் என்னைப் பற்றி யாரும் சொன்னதில் மிக நேர்மையான கருத்து அந்த மௌனம்தான்.

அன்று நடந்தது இதுதான். குழாய்க்குள் இருந்த கூழ்ப் பருவின் தோல் கிழிந்தது. நீ ஷேவ் செய்யும்போது கன்னம் வெட்டிக்கொண்டால் ரத்தம் உறைந்து காயத்தை மூடுகிறதல்லவா, அதே நல்ல எண்ணத்தோடு அங்கேயும் ரத்தம் உறைந்தது. கன்னத்தில் உறைந்தால் பொருக்கு. மூன்று மில்லிமீட்டர் குழாய்க்குள் உறைந்தால் அடைப்பு. அடைப்புக்கு அப்பால் இருக்கும் தசை உடனே செத்துவிடுவதில்லை. அரை மணி, ஒரு மணி, மூன்று மணி என்று ஓரமாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. அந்த நேரத்துக்குள் போனால் குழாயைத் திறந்து மிச்சத்தைக் காப்பாற்றலாம். நாங்கள் ஏழு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டோம். செத்த இதயத் தசை மறுபடி வளராது; அந்த இடத்தில் தழும்பு வரும். தழும்பு துடிக்காது. பம்ப் பலவீனமானால் திரும்புகிற ரத்தம் சிரைகளில் தேங்கும், நீர் கசியும். அவள் கால் ஏன் மாலையில் வீங்குகிறது, ஏன் இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறாள், ஏன் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீரை அளந்து குடிக்கிறாள், ஏன் மாமல்லபுரத்தில் காரை விட்டு இறங்கவில்லை என்பதெல்லாம் அதுதான். உன் அம்மாவுக்கு நான் சாப்பிட்டது தெரியும். வார்டில் இருந்தபோதே சொன்னாள்: "மசாலா வாசன அடிச்சுது உங்க மேல." அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகளில் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

உனக்கு நான் சொத்து என்று பெரிதாக எதுவும் விட்டுச்செல்லப்போவதில்லை. இந்தச் சொல்லை மட்டும் விட்டுச்செல்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை பாறைமேட்டில்தான் தெரிந்தது. 'கேஸ்' என்பது நோயின் பெயர் அல்ல, மகனே. எழுந்து போக மனமில்லாதவர்கள் கண்டுபிடித்த பெயர். எனக்கு எழ மனமில்லாததற்குக் காரணம் ஒரு நல்லி எலும்பு. உனக்கு ஒரு ரிலீஸ். அத்தைக்கு ஏப்பத்தின் மேல் இருக்கும் நம்பிக்கையை நாம் ஒன்றும் செய்ய முடியாது. அவளுக்கு அது ஒரு மதம். உனக்குச் செய்ய வேண்டியது ஒன்றே. ஓர் இதய மருத்துவரிடம் போய், "படி ஏறினால் நெஞ்சு அழுத்துகிறது, நின்றால் போகிறது, இரண்டு வாரமாக" என்று இந்த வரிசையில் சொல். கேஸ் என்று நீயே அவருக்குச் சொல்லிக்கொடுக்காதே. இன்றே போ. போகும்போது நடந்து போகாதே, வண்டியும் ஓட்டாதே. யாரையாவது கூட்டிக்கொள்.

இந்த இடம் வரை எழுதிய பக்கங்களை வெள்ளிக்கிழமை காலை போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். தபாலை நம்பி இரண்டு நாளை இழக்க விருப்பமில்லை. பதினொரு மணிக்கு நீ அழைத்தாய். வழக்கமாகப் பின்னால் கேட்கும் ஆபீஸ் இரைச்சல் கேட்கவில்லை; எங்கோ படிக்கட்டில் நின்று பேசுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பா, அந்த நல்லி எலும்பு விஷயம்... நெஜமா?"

"நெஜம்."

"அம்மா அங்க படுத்துகினு இருக்கச்சொல்லவா?"

"ஆமா."

"நான் ஒவ்வொரு கடையா நின்னு சோடா கீதா, சோடா கீதான்னு பேஜாரா அலைஞ்சுகினு இருந்தேனே. அப்பவா?"

"அப்பதான்."

நீ ஏதோ சொல்லப்போவது போல மூச்சை இழுத்தாய். "என்னை விடு, டாக்டர்கிட்ட போறியா?" என்று கேட்டேன். அதற்குள் இணைப்பு போய்விட்டது. மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை அழைக்கவில்லை.

மிச்சம் உனக்கே தெரியும். கடிதத்தைப் பாதியில் விடக் கூடாது என்பதற்காக, உன் மனைவி எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை மதியமே, மீட்டிங்கிலிருந்து எழுந்து, கேப் பிடித்து, யாரிடமும் சொல்லாமல் மருத்துவமனைக்குப் போயிருக்கிறாய். ஓடும் பட்டையில் உன்னை நடக்கவைத்து, நான்காவது நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குப் போக விடவில்லை. சனிக்கிழமை காலை மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டுப் பார்த்தார்கள். முன்பக்கத்துப் பெரிய குழாயில் பத்தில் ஒன்பது பங்கு அடைத்திருந்தது. ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். தசை எதுவும் சாகவில்லை என்று டாக்டர் சொன்னாராம். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா தெரியாதுன்னாங்க மாமா" என்றாள் உன் மனைவி. அழுதாள். பிறகு, "அவர் தூங்கறாரு, அப்புறம் பேசச் சொல்றேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் வந்தோம். வாசலில் இரண்டு பார்வையாளர் சீட்டுதான் கொடுத்தார்கள். உன் அம்மாவும் அத்தையும் லிஃப்டில் மேலே வந்தார்கள். நான் கீழே, மருந்துக் கடைக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தார்கள். நன்றாக இருக்கிறாய், இட்லி சாப்பிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு பன்னிரண்டு நாள் ஆகிறது. தினமும் மாலை ஆறு மணிக்கு உன் அம்மாவின் போனுக்கு உன்னிடமிருந்து அழைப்பு வருகிறது. என் போனில் உன் பெயருக்கு எதிரே கடைசியாக இருப்பது அந்த வெள்ளிக்கிழமை, பதினொரு மணி.